பருந்தோடு வேட்டைக்குப் போக: அமெரிக்காவில் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

காலையில் காபிக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை உண்டு. எடை போடுவது. தராசில் தட்டு இருக்கவேண்டிய இடத்தில் செயற்கைப் புல் ஒட்டிய ஒரு கட்டை. அதன்மேல் ஒரு பெண் செவ்வால் பருந்து ஏறி நின்று, சீக்கிரம் பார்த்துத் தொலை என்பதுபோல் என்னை முறைக்கும். 1,080 கிராம் என்று வந்தால் அன்று சாயங்காலம் முயல் வேட்டை. 1,120 என்றால் வீட்டில் இருக்கவேண்டியதுதான். இந்த 40 கிராம் வித்தியாசத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஏழெட்டு வருஷம் இருந்தபிறகு, ஒரு பனிக்கால ஞாயிற்றுக்கிழமை, கையில் பருந்தோடு புதரை உதைத்துக்கொண்டு நடந்த ஒரு பெரியவரைப் பார்த்ததில் தொடங்கியது இது. அதன்பின் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "எங்கே வாங்கினே?" வாங்கவில்லை. ரோட்டோரம் பிடித்தது. சட்டப்படி.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பருந்து, வல்லூறு, வைரி எதையும் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அங்கே இருப்பவர்களுக்கு இது படித்து ரசிக்க மட்டும். துபாய், அபுதாபி பக்கம் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறும் ஃபால்கன்களைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு உலகம், வேறு பறவை, வேறு பணம். நான் சொல்வது அமெரிக்க முறை.

சட்டம் முதலில்

1918-இல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அமெரிக்காவின் காட்டுப் பருந்துகளைப் பாதுகாக்கிறது. அனுமதி இல்லாமல் ஓர் இறகை வீட்டில் வைத்திருப்பதுகூடத் தப்பு. ஃபால்கன்ரி, அதாவது பருந்தைப் பழக்கி வேட்டையாடுவது, அதில் ஒரு விதிவிலக்கு. 2014 முதல் மத்திய அரசின் தனி பெர்மிட் கிடையாது. மாநில வனவிலங்குத் துறைதான் பெர்மிட் தருகிறது. ஆனால் மத்திய விதிகளைவிடத் தளர்வாக எந்த மாநிலமும் வைக்க முடியாது. ஹவாய் தவிர 49 மாநிலங்களிலும் இது உண்டு.

மூன்று படிகள்: அப்ரென்டிஸ், ஜெனரல், மாஸ்டர். அப்ரென்டிஸ் ஆகக் குறைந்தது 12 வயது. சில மாநிலங்கள் இன்னும் கூட்டி வைத்திருக்கின்றன. இரண்டு வருஷம் அப்ரென்டிஸ், ஒவ்வொரு வருஷமும் குறைந்தது 4 மாதமாவது பறவையை வைத்துப் பழக்கிப் பறக்கவிட்டிருக்க வேண்டும். அப்ரென்டிஸாக இருக்கும்வரை ஒரே ஒரு பறவைதான் வைத்துக்கொள்ளலாம். ஜெனரல் ஆனால் மூன்று வரை. அப்படி ஐந்து வருஷம் ஓட்டினால் மாஸ்டர்.

ஒரு எழுத்துத் தேர்வு உண்டு. 80 சதவீதம் எடுக்க வேண்டும். நம் ஆட்களுக்குத் தேர்வு ஒரு பொருட்டா என்று நினைத்துத்தான் நானும் போனேன். நோய்கள் பகுதியில் கிட்டத்தட்டக் கவிழ்ந்தேன். அதை மட்டும் நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள்.

வாடகை வீடு என்றால், நியாயமான எந்த நேரத்திலும் அதிகாரி வந்து பரிசோதிக்கலாம் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அப்பார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு யோசிக்காதீர்கள். அப்புறம் நம் எல்லோருக்கும் உள்ள கேள்வி: ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வது? பெர்மிட் உள்ள இன்னொருவரிடம் எழுத்துபூர்வமாகக் கொடுத்துவிட்டு 120 நாள் வரை விடலாம். பெர்மிட் இல்லாதவர் உங்கள் இடத்திலேயே 45 நாள் வரை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பறக்கவிடக் கூடாது.

ஸ்பான்சர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று

அப்ரென்டிஸுக்கு ஒரு ஸ்பான்சர் கட்டாயம். ஜெனரல் நிலையில் குறைந்தது இரண்டு வருஷ அனுபவம் உள்ளவராகவோ மாஸ்டராகவோ இருக்கவேண்டும். பல மாநிலங்களில் ஒருவர் ஒரே சமயத்தில் மூன்று பேருக்குமேல் ஏற்க முடியாது. அதனால் ஆள் கிடைப்பது கடினம்.

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மின்னஞ்சலில் "எனக்கு ஸ்பான்சர் செய்வீர்களா" என்று கேட்டால் பதிலே வராது. மாநில ஃபால்கன்ரி சங்கத்தைத் தேடிப் பிடியுங்கள். குளிர்காலத்தில் அவர்கள் நடத்தும் வேட்டைச் சந்திப்புக்குப் போங்கள். முள்செடிகளுக்குள் இறங்கி, தடியால் தட்டி முயல் கிளப்பிக் கொடுங்கள். எதுவும் கேட்காதீர்கள். நான் ஒரு முழு சீசன் அப்படித்தான் புதர் தட்டினேன். ஐந்தாவது தடவை அந்தப் பெரியவரே, "அடுத்த வாரமும் வருவாயா?" என்றார். குருகுலம் என்று நாம் சொல்வதை இவர்கள் பெர்மிட்டோடு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஒரு சீசனில் உங்களுக்கு இன்னொன்றும் தெரிந்துவிடும். முயல் சாவதைக் கிட்டத்தில் பார்க்க உங்களால் முடியுமா என்பது. முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதோடு விட்டுவிடலாம். பறவையைப் பிடித்தபின் தெரிவதுதான் கஷ்டம்.

கூண்டும் சாமானும்

பருந்து வீட்டை மியூஸ் என்பார்கள். செவ்வால் பருந்துக்கு 8 அடிக்கு 8 அடி வழக்கமான அளவு. ஜன்னலுக்குக் கம்பி வலை போடாதீர்கள். பறவை மோதி இறகையும் மூக்கையும் கிழித்துக்கொள்ளும். நெட்டுக்குத்தாகக் கட்டைகள் அல்லது பிளாஸ்டிக் குழாய்கள், பறவையின் உடம்பு நுழைய முடியாத இடைவெளியில். ராத்திரியில் ரக்கூனும் பெரிய கொம்பு ஆந்தையும் வரும். இரண்டுமே பருந்தைக் கொல்லும். கதவுக்கு வெளியே இன்னொரு கதவு வையுங்கள். ஒன்று திறந்திருந்தாலும் பறவை தப்பாது.

சாமான்களில் முதலாவது தராசு. கிராம் கணக்கில் காட்டும் நல்ல தராசு. அப்புறம் இடது கைக்குத் தடித்த தோல் கையுறை. பறவையின் கணுக்காலில் மாட்டும் தோல் காப்பு, அதில் கோக்கும் ஜெஸ் என்ற தோல் வார். இதில் இரண்டு வகை வேண்டும். வீட்டில் போடுவதற்கு நுனியில் துளை உண்டு, அதில் சுழலியை, அதாவது கயிறு முறுக்கிக்கொள்ளாமல் சுற்றும் வளையத்தை, மாட்டலாம். வேட்டையில் போடுவதற்குத் துளை கூடாது, ஏனென்றால் அந்தத் துளை ஒரு சுள்ளியில் மாட்டினால் பறவை தலைகீழாகத் தொங்கிச் செத்துப்போகும். சுழலி, லீஷ் கயிறு, பறவை நிற்க வளைந்த இரும்புக் கம்பித் தாங்கி, குளிக்கத் தொட்டி, விசில். இரண்டு சலங்கை. ஆமாம், சலங்கைதான். புதருக்குள் பறவை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது அதுதான். ஒரு காலத்தில் லாகூரில் செய்த சலங்கைக்கு உலகம் முழுக்க மவுசு.

கடைசியாக டெலிமெட்ரி, அதாவது பறவைமேல் மாட்டும் சிறு டிரான்ஸ்மிட்டர். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. நான் கட்டாயம் என்பேன். காரணம் பின்னால் வருகிறது. பறவைக்கு விலை இல்லை என்றாலும் மியூஸ், சாமான், டெலிமெட்ரி எல்லாம் சேர்த்து முதல் வருஷம் எனக்கு இரண்டாயிரம் டாலரைத் தாண்டியது.

எல்லாம் தயாரானதும் மாநில அதிகாரி வந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால் பெர்மிட் வரும். வேட்டை உரிமம் தனி, அதையும் எடுக்கவேண்டும். ஒரு வேலையை இப்போதே பழகுங்கள்: லீஷைத் தாங்கியில் கட்டும் முடிச்சு. இடது கையில் பறவை நிற்கும், வலது கை ஒன்றாலேயே கட்டவேண்டும். நான் டிவி பார்க்கும்போது நாற்காலிக் காலில் இருநூறு தடவை கட்டிப் பழகினேன்.

எந்தப் பறவை, எப்படிப் பிடிப்பது

பல மாநிலங்கள் அப்ரென்டிஸுக்கு அமெரிக்கன் கெஸ்ட்ரல் அல்லது செவ்வால் பருந்து என்றுதான் விடுகின்றன. கெஸ்ட்ரல் அழகு, சிறியது, நூறு சொச்சம் கிராம்தான். அதனால்தான் புதியவருக்கு வேண்டாம் என்கிறேன். அந்த உடம்பில் ஐந்து கிராம் தப்பாகக் கணக்குப் போட்டால் பறவை போய்விடும். செவ்வால் பருந்து உங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

பிடிப்பது அந்த வருஷம் பிறந்த, தானே வேட்டையாடப் பழகிவிட்ட இளம் பறவையை. அப்ரென்டிஸ் கூட்டிலிருந்து குஞ்சு எடுக்கக் கூடாது. வளர்ந்த பறவையையும் தொடக்கூடாது, அது இனப்பெருக்கம் செய்யும் பறவை. வித்தியாசம் எளிது. முதல் வருஷப் பறவைக்கு வால் சிவப்பாக இருக்காது, பழுப்பில் பட்டை பட்டையாக இருக்கும், கண் வெளிர் மஞ்சள். முதல் குளிர்காலத்தைத் தாண்டாமல் சாகும் இளம் பருந்துகளே அதிகம். அதனால் இலையுதிர் காலத்தில் ஒன்றை எடுத்துக் குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுப் பிறகு விட்டால், காட்டுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

பொறியின் பெயர் பால்-சத்ரி. நம் காதுக்குப் பாலும் சத்திரமும் மாதிரி கேட்கும். இந்தியில் மயிர்க் குடை என்று பொருள். இந்தியாவிலிருந்து போன பொறி இது. குடை மாதிரிக் கம்பிக்கூண்டு, உள்ளே ஓர் எலி பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கும். கூண்டின் மேலெல்லாம் சுருக்கு. அந்தக் காலத்தில் குதிரை மயிர், இப்போது தூண்டில் நரம்பு.

கிராமத்து ரோட்டில் காரில் போகவேண்டும். மின்கம்பத்தில் ஓர் இளம் பருந்து. பைனாகுலரில் வாலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கம்பத்துக்கு எதிர்ப்பக்கக் கதவை லேசாகத் திறந்து, கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே பொறியைப் புல்லில் வைத்துவிட்டு, இருநூறு மீட்டர் தள்ளிப்போய் நிற்கவேண்டும். பசி இருந்தால் இரண்டு நிமிஷத்தில் இறங்கும். எலியைப் பிடிக்கக் கூண்டின்மேல் தாம்தூமென்று குதிக்கும்போது விரல் சுருக்கில் மாட்டும். பொறியோடு ஒரு கனமான இரும்பு கட்டியிருப்பதால் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஓடுங்கள். துண்டைப் போட்டு மூடி, முதலில் கால்களைப் பிடியுங்கள். அலகைப் பார்த்துப் பயப்படுபவன் புதியவன். ஆபத்து நகத்தில்தான்.

நாங்கள் மூன்று சனிக்கிழமை சுற்றினோம். ஏழு பறவை பொறியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தன. எட்டாவது இறங்கியது. நீளமான காலுறையை நுனி வெட்டி, அதற்குள் பறவையை நுழைத்துவிட்டால் தலை மட்டும் வெளியே, சமர்த்தாக இருக்கும். அப்படியே எடை: 1,245 கிராம். பெண். வாயைத் திறந்து பார்த்தார் ஸ்பான்சர், நோய் இருந்தால் கட்டும் வெள்ளைப் படலம் இல்லை. நெஞ்செலும்பைத் தடவினார், சதை இருந்தது. காப்பும் வாரும் மாட்டினோம். பிடித்த பத்து நாளுக்குள் 3-186ஏ என்ற படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். அன்று ராத்திரியே பதிந்துவிடுங்கள், மறந்துபோகும்.

முதல் ராத்திரி

இதை யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மங்கலான அறை. நாற்காலியில் உட்கார்ந்து, கையுறையில் பறவையை ஏற்றிக்கொள்ளுங்கள். வார் உங்கள் விரலிடுக்கில். அது கையிலிருந்து பாயும், வாரில் தலைகீழாகத் தொங்கும். வலது உள்ளங்கையை முதுகுக்கு அடியில் கொடுத்து, மெதுவாகத் தூக்கிக் கையில் வையுங்கள். மறுபடி பாயும். மறுபடி தூக்குங்கள். கோபம் வந்தால் முடிந்தது கதை. நாயிடம் திட்டி ஒரு காரியம் சாதிக்கலாம், பருந்திடம் ஒருபோதும் முடியாது. அதற்குத் தண்டனை என்றால் என்னவென்றே தெரியாது. இவன் பக்கம் ஆபத்து என்று மட்டும் புரிந்துகொள்ளும்.

நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள். பார்வையை முழங்கால் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அரைமணியில் இறகைச் சிலுப்பாமல் ஒட்டி, வாயைத் திறந்தபடி நிற்கும். அப்போது ஒரு சின்ன காடைக்கறித் துண்டை எடுத்து, அதன் கால் விரல்மேல் லேசாகத் தடவுங்கள். எரிச்சலில் குனிந்து கடிக்கும். கறி வாயில் போய்விடும். துப்பும். மறுபடி தடவுங்கள். மூன்றாவது தடவையோ முப்பதாவது தடவையோ, ருசி தெரிந்து ஒரு கணம் யோசிக்கும். அந்த யோசனையைக் கண்ணாலேயே பார்க்கலாம். விழுங்கும். அதன்பின் குனிந்து கையுறையைத் தேடும்.

என் பறவை முதல் இரண்டு நாளும் தொடவே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு, மனைவி அடுத்த அறையில் யாரோடோ போனில் பேசிச் சிரித்த சத்தத்தில் திடுக்கிட்டுத் திரும்பி, திரும்பின வேகத்தில் கறியைக் கவ்வி விழுங்கிவிட்டது. இறகை முழுசாகச் சிலுப்பிக்கொண்டது. அந்தச் சிலுப்பல்தான் சமாதானக் கொடி.

எடை

காட்டிலிருந்து வந்த பறவை கொழுப்போடு இருக்கும். வயிறு நிறைந்த பருந்து எதற்காகவும் அசையாது, காட்டிலும் அப்படித்தான். மனிதனிடம் பறந்து வரவேண்டும் என்றால் அதற்குப் பசிக்கவேண்டும். பட்டினி வேறு, பசி வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் கலை.

செவ்வால் பருந்து பெரும்பாலும் பிடித்த எடையில் 10 முதல் 15 சதவீதம் குறைந்த இடத்தில் வேட்டைக்குத் தயாராகும். ஒரே நாளில் தடாலென்று இறக்காதீர்கள். ஒரு நாளைக்கு இருபது கிராம் சொச்சம் போதும். தினமும் ஒரே நேரத்தில் எடை, கொடுத்த தீனி, வெளியே குளிர் எவ்வளவு, எப்படி நடந்துகொண்டது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குளிர் ராத்திரியில் உடம்பைச் சூடாக வைக்கவே நிறையச் செலவாகும். உறைபனி என்றால் கூடத் தீனி கொடுக்கவேண்டும். போன வருஷத்து அப்ரென்டிஸ் ஒருவர் இதை மறந்து, காலையில் மியூஸுக்குப் போனபோது பறவை தரையில் கிடந்தது.

தராசை மட்டும் நம்பாதீர்கள். நெஞ்செலும்பைத் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு கத்தி முனைபோலத் தட்டுப்பட்டால் உடனே தீனி, உடனே ஸ்பான்சருக்குப் போன்.

தீனி என்றால் காடை, எலி, ஒருநாள் கோழிக்குஞ்சு, முயல். எலும்பு, உரோமம், இறகு எல்லாம் சேர்த்து. ஜீரணமாகாததை மறுநாள் காலையில் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டை விழாமல் அடுத்த வேளை தீனி கொடுக்கக் கூடாது. துப்பாக்கியால் சுட்ட பிராணியைப் போடவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள் போதும் கொல்வதற்கு. புறாக்கறியும் வேண்டாம், வாயில் படலம் கட்டும் நோய் அதில் வரும்.

கையிலிருந்து மரத்துக்கு

கையுறையில் தின்னப் பழகியதும் மீதி வேகமாக நடக்கும். தாங்கியில் வைத்து, ஓர் அடி தள்ளிக் கறியைக் காட்டி விசில். முதலில் கழுத்தை நீட்டும், பிறகு ஒரு கால் வைக்கும், பிறகு தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு துண்டு, நகத்தளவு. மறுநாள் ஆறு அடி. அப்புறம் திறந்த புல்வெளியில், க்ரியான்ஸ் என்ற நீளமான மெல்லிய கயிறு கட்டி, முப்பது மீட்டர். மரமோ வேலியோ அருகில் இருக்கக் கூடாது. கூடவே முயல் தோலில் செய்த பொம்மையை இழுத்துக் காட்டி, அதன்மேல் பெரிய சாப்பாடு கொடுத்துப் பழக்குங்கள். அவசரத்தில் கூப்பிட அதுதான் கடைசி ஆயுதம்.

முப்பது மீட்டரிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து, விசில் ஊதிய உடனே யோசிக்காமல் வந்தால், கயிற்றை அவிழ்க்கலாம். பிடித்த நாளிலிருந்து மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும்.

எனக்கு 27-ஆம் நாள் முதல் சுதந்திரப் பறத்தல். சொன்ன பேச்சு கேட்டது. அந்த மிதப்பில் நாலாம் நாள், தராசு 1,120 காட்டியும், நல்ல வெயில் அடிக்கிறதே என்று கூட்டிக்கொண்டு போனேன். மரத்து உச்சியில் உட்கார்ந்தது. விசில், கறி, பொம்மை, எதற்கும் மசியவில்லை. காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. இருட்டியதும் வீட்டுக்கு வந்து தூங்காமல் கிடந்தேன். விடியுமுன் டெலிமெட்ரி சிக்னலைப் பிடித்துக்கொண்டு போனால் அதே தோப்பில், நாலு மரம் தள்ளி. ஒன்பது மணிக்குப் பசி வந்தது, இறங்கி வந்தது. எடை 1,078.

வேட்டை

முறை எளிது. பறவை மரத்துக்கு மரம் மேலே வரும், நீங்கள் கீழே புதரைத் தட்டுவீர்கள். ஒரு வாரத்தில் அதற்குப் புரிந்துவிடும், இந்த ஆள் நடந்தால் முயல் கிளம்பும் என்று. பாசம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். நீங்கள் அதன் வேட்டை நாய்.

காட்டன்டெயில் முயல்தான் தொடக்கத்துக்குச் சரி. அணில் வேண்டாம். இங்கத்து அணில் நம்மூர் அணில்பிள்ளை மாதிரி சாது கிடையாது, அரைக்கிலோவுக்குமேல் இருக்கும், பருந்தின் விரலைக் கடித்துத் துண்டாக்கும். இடம் பார்க்கும்போது மின்கம்பம், நெடுஞ்சாலை, முள்கம்பி வேலி மூன்றும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பருந்துகளை அதிகம் கொல்வதில் மின்சாரமும் ஒன்று.

முயல் ஓடும், மேலிருந்து ஒரு சலங்கைச் சத்தம், பிறகு கீச்சென்று ஓர் அலறல். ஓடுங்கள், ஆனால் கடைசிப் பத்தடி முழங்காலில் போங்கள். பறவை இறக்கையைக் குடையாக விரித்து மூடியிருக்கும். முயலின் தலையைப் பிடித்துக் கழுத்தை ஒரே இழுப்பில் முறித்துவிடுங்கள். இதில் தயங்கினால் இரண்டு உயிரையும் வதைக்கிறீர்கள்.

பிறகு வருவது மாற்று வியாபாரம். முயலைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் திருடன் என்று முடிவு கட்டிவிடும், அடுத்த தடவை தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். கையுறையில் ஒரு முழுக் காடைத் தொடையைப் பளிச்சென்று காட்டுங்கள். முயல்மேல் துணியோ இலைச் சருகோ போட்டு மெல்ல மறைத்துவிடுங்கள். பறவை தொடையைப் பார்க்கும், கீழே பார்க்கும், கையில் ஏறும். முயல் உங்கள் பின்பக்கப் பையில். என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் லாபம்தான் என்று பட வேண்டும். முதல் முயலுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து கழுத்துப்பை புடைக்கும்வரை தின்னட்டும். இரண்டு நாள் வேட்டை கிடையாது, பரவாயில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பதினொரு முயல். ஐந்தாறு தடவை போனால் ஒன்று. கறிக் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவது மலிவு. மிளகு தூக்கலாக வைத்தால் நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீசன் முடிந்தபின்

வசந்தத்தில் இறகு உதிரத் தொடங்கும். வைத்துக்கொள்வதானால், கோடை முழுக்க நிறையத் தீனி போட்டு மியூஸில் விட்டுவிடவேண்டும். புது இறகு முளைக்கும்போது பட்டினி போட்டால், அந்த இடத்தில் கோடு விழுந்து பிறகு ஒடியும். உதிர்ந்த இறகுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பின்னால் ஒன்று ஒடிந்தால், பழையதை வெட்டிச் சின்ன ஊசிக் குச்சியால் ஒட்டுப்போடலாம்.

விடுவதானால் மார்ச், ஏப்ரலில், வெயில் வந்து இரை பெருகும்போது. இரண்டு மூன்று வாரம் வேண்டிய மட்டும் தின்னவிட்டு, பிடித்த எடைக்குமேல் கொண்டுவந்துவிடுங்கள். நான் விட்ட அன்று 1,310 கிராம். பிடித்த அதே ரோட்டுப் பக்கம், ஸ்பான்சர் பறவையைப் பிடித்துக்கொள்ள, கத்தரியால் காப்பை வெட்டினேன். சலங்கையைக் கழற்றிப் பையில் போட்டேன். கையுறையில் வைத்தபோது போகவில்லை. குனிந்து கறி இருக்கிறதா என்று தேடியது. இல்லை என்றதும் மின்கம்பத்துக்குப் போய் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்து 3-186ஏ படிவத்தில் "விடுவிக்கப்பட்டது" என்ற கட்டத்தைக் குறியுங்கள். அதற்கும் பத்து நாள்தான் கெடு.